பழைய டீசல் லாரியில் டெம்பரேச்சர் முள் எங்கே நிற்க வேண்டும்? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

பேகூர் டேங்கர்

எனக்குப் பெங்களூர் பேகூர் பக்கம் இரண்டு தண்ணீர் டேங்கர் ஓடுகின்றன. அதில் மூத்தது 1997 மாடல் லேலண்ட். அப்பா வாங்கியபோது சேலத்துக்கும் பெங்களூருக்கும் சரக்கு அடித்துக்கொண்டிருந்த வண்டி. அவருக்கு அப்புறம் நான் டேங்க் ஏற்றி உள்ளூரோடு நிறுத்திக்கொண்டேன்.

சந்தேகம் இதுதான். ரோட்டில் ஓடும்போது டெம்பரேச்சர் முள் 60-லேயே கிடக்கிறது. ஏப்ரல் வெயிலில்கூட 65-ஐத் தாண்டவில்லை. ஆனால் அபார்ட்மென்ட்டில் நிறுத்தி, பி.டி.ஓ. (இன்ஜின் ஓட்டத்தைத் தண்ணீர்ப் பம்புக்குத் திருப்பும் கியர்) போட்டு மேல் டேங்குக்குத் தண்ணீர் ஏற்றினால் இருபது நிமிஷத்தில் 98, 100 என்று ஏறிவிடுகிறது. ஓடினால் குளிர்கிறது, நின்றால் கொதிக்கிறது.

2024 கோடையில் ஊரே தண்ணீருக்கு அலைந்தபோது இந்த வண்டிக்கு ஓய்வே இல்லை. அந்தச் சமயத்தில் மூன்று முறை பாதி ஏற்றும்போதே ரேடியேட்டர் கொதித்து, பம்பை நிறுத்தி அரை மணி நேரம் காத்திருக்க வேண்டியதாகிவிட்டது. ஒரு இடத்தில் வயதான அம்மா ஒருவர் பால்கனியில் நின்றுகொண்டு "தண்ணி வருமா தம்பி, வருமா தம்பி" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அது இன்னும் காதில் இருக்கிறது.

என் டிரைவர், 60-ல் நின்றால்தான் இன்ஜினுக்கு நல்லது என்கிறார். இரண்டாவது வண்டியில் முள் 85-ல் நிற்கிறது. பழைய டீசல் வண்டிக்கு எது சரியான அளவு? ஓட்டியவர்கள், வேலை பார்த்தவர்கள் உங்கள் வண்டியில் பார்த்ததைச் சொல்லுங்கள்.

கலாசிபாளையம் பழைய கை

தம்பி, முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். பழைய டாடா, லேலண்ட் டீசல் இன்ஜின்களில் லோடோடு ரோட்டில் ஓடும்போது தண்ணீர் 78-லிருந்து 90 வரை நிற்க வேண்டும். மேடு ஏறும்போது 95 தொட்டுவிட்டு இறங்கினால் பயமில்லை. 100-ஐத் தாண்டி அங்கேயே நின்றால் ஓரங்கட்டிவிட வேண்டும். நாள் முழுக்க 70-க்குக் கீழேயே ஓடினால் அதுவும் நோய்தான்.

உங்கள் வண்டியில் தெர்மோஸ்டாட் வால்வு இருக்காது. ஹவுசிங்கைக் கழற்றிப் பாருங்கள், உள்ளே காலியாக இருக்கும். "ஹீட் ஆகுதா? வால்வைக் கழற்றி எறி" என்பது நம் தொழிலில் ரொம்ப நாளாக ஓடும் பழக்கம். நானும் 1980-களில் வேலை கற்றுக்கொண்ட காலத்தில் பெரியவர்கள் சொன்னதைக் கேட்டு எத்தனையோ வண்டியில் கழற்றியிருக்கிறேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது.

அந்த வால்வுக்குள் இருப்பது மெழுகு. தண்ணீர் சூடானதும் மெழுகு உருகி விரியும். அந்தத் தள்ளலில் வால்வு திறக்கும். திறக்கும் சூடு பழைய வண்டிகளில் 71, 76, 82 டிகிரி என்று வண்டிக்கு வண்டி மாறும். எந்த டிகிரியில் திறக்க ஆரம்பிக்கும் என்பது வால்விலேயே குத்தியிருக்கும். அதற்கு மேல் பத்துப் பன்னிரண்டு டிகிரி போனால் முழுசாகத் திறந்துவிடும். மூடியிருக்கும்வரை தண்ணீர் பைபாஸ் வழியாக இன்ஜினுக்குள்ளேயே சுற்றும். திறந்த அப்புறம் ரேடியேட்டருக்குப் போகும்.

இதோடு இன்னொரு வேலையும் அதற்கு உண்டு, பலர் அதைக் கவனிப்பதில்லை. நிறைய லாரி இன்ஜின்களில் வால்வு முழுசாகத் திறக்கும்போது அதன் அடித்தட்டு கீழே இறங்கி பைபாஸ் வாயை அடைக்கும். வால்வையே கழற்றிவிட்டால் அந்த வாய் எப்போதும் திறந்தே கிடக்கும். ரோட்டில் ஓடும்போது எதிர்க்காற்று அடிக்கிறது, ரேடியேட்டர் தேவைக்கு மேல் குளிர்விக்கிறது, முள் 60. நிறுத்திப் பம்ப் ஓட்டும்போது ஃபேன் காற்று மட்டும்தான். கணிசமான தண்ணீர் ரேடியேட்டர் பக்கமே போகாமல் பைபாஸில் திரும்பி வந்துவிடுகிறது, முள் 100. உங்கள் வண்டியின் இரண்டு தொல்லைக்கும் வேர் ஒன்றுதான். ரேடியேட்டரும் கொஞ்சம் அடைத்திருக்கும்.

குளிர்ந்தே ஓடினால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்பார்கள். டீசல் முழுசாக எரியாது. எரியாத டீசல் லைனர் சுவரில், அதாவது பிஸ்டன் ஓடும் உருளையின் உள்சுவரில் வழிந்து, அங்கே இருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிவிட்டுக் கீழே ஆயில் தேங்கும் சம்புக்குப் போகும். ஆயில் நீர்த்துவிடும். உள்ளே ஈரம் ஆவியாகாமல் தங்கிக் கருப்புக் களியாகச் சேரும். வால்வு இல்லாமல் ஓடிய ஒரு வண்டியின் ஹெட்டைத் திறந்து என் பையனிடம் காட்டினேன். லைனரின் மேல் விளிம்புக்குக் கீழே விரல் நகத்தை வைத்து இழுத்தால் நகம் ஒரு படியில் போய் மாட்டியது. ரிங் ஏறி இறங்கும் இடம் அவ்வளவு தேய்ந்திருந்தது. ஓனர் ஒரு நாள்கூட வண்டி ஹீட் ஆனதாகச் சொன்னதில்லை.

பீனியா ஆட்டோ எலக்ட்ரீஷியன்

அண்ணே சொன்னதெல்லாம் சரி. ஆனால் முள் காட்டும் 60 நிஜமாகவே 60-தானா என்று முதலில் பாருங்கள். பழைய வண்டியில் சூட்டை அளந்து முள்ளுக்கு அனுப்பும் செண்டர் பல்பின் எர்த் துரு பிடித்தாலே முள் பொய் சொல்லும். கன் மாதிரிப் பிடித்துப் பார்க்கும் தெர்மோமீட்டர் இப்போது விலை குறைவு. தெர்மோஸ்டாட் ஹவுசிங்கில் கருப்பு டேப் ஒரு துண்டு ஒட்டி, அதன் மேல் அடித்துப் பாருங்கள். பளபளக்கும் வெறும் அலுமினியத்தில் அடித்தால் நிஜ சூட்டைவிடக் குறைவாகத்தான் காட்டும்.

சத்தி–மைசூர் லைன்

இருபத்திரண்டு வருஷம் லைன் ஓட்டியவன். இப்போது பெங்களூரில் மகனோடு இருக்கிறேன். என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறினால் 27 கொண்டை ஊசி வளைவு. நான் ஓட்டியது டாடா 1612. சமவெளியில் 82-ல் நிற்கும் முள், ஏழாவது எட்டாவது வளைவில் 88 ஆகும், பதினைந்தைத் தாண்டினால் 94. மேலே போய்ச் சேர்ந்ததும் இன்ஜினை உடனே அணைக்க மாட்டேன். ஐந்து நிமிஷம் ஐடிலில் விட்டால் தானாக 84-க்கு வந்துவிடும். இறக்கத்தில் 70 வரைக்கும் இறங்கும், அது வழக்கம்தான். சூடு குறைகிறதே என்று யாரும் கவலைப்பட வேண்டாம், அதற்காக நியூட்ரலில் விடவும் வேண்டாம்.

நான் சொல்ல வந்தது வேறு. ஒரு ராத்திரி முட்டைக்கோஸ் லோடோடு ஓசூர் ரோட்டில் சில்க் போர்டு நெருக்கடியில் ஊர்ந்துகொண்டிருந்தேன். முள் 96-ல் இருந்தது. பார்த்துக்கொண்டே இருக்கும்போது சடாரென்று 50-க்கு விழுந்தது. கிளீனர் பையன் "அண்ணா, கூல் ஆயிடுச்சு" என்றான். எனக்குச் சந்தோஷம் வரவில்லை, வயிற்றைக் கலக்கியது. உடனே இன்ஜினை நிறுத்தி இறங்கிப் பார்த்தால் கீழ் ஹோஸ் பிளந்து தண்ணீர் மொத்தமும் ரோட்டில் கிடந்தது. தண்ணீர் இல்லாத இடத்தில் பல்ப் நின்றால் அது எதை அளக்கும்? அதனால்தான் முள் விழுந்தது. இன்னும் இரண்டு நிமிஷம் ஓட்டியிருந்தால் பிஸ்டன் பிடித்திருக்கும்.

ஏறும் முள்ளுக்கு எல்லாரும் பயப்படுகிறார்கள். காரணமே இல்லாமல் விழும் முள்ளுக்கு அதைவிடப் பயப்படுங்கள்.

ஜே.சி. ரோடு ஸ்பேர்ஸ்

எங்கள் கடையில் தினமும் பார்ப்பது ரேடியேட்டர் மூடி விவகாரம். மூடியின் ரப்பர் போயிருக்கும், ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். யாரும் மாற்ற மாட்டார்கள், துணியைச் சுற்றி அழுத்திவிட்டுப் போவார்கள்.

பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே வெறும் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். சென்னையில் 98-ல் சும்மா இருக்கும் தண்ணீர் இங்கே கொப்பளிக்கும். அழுத்தம் பிடிக்கும் மூடி இருந்தால்தான் அந்தக் கொதிநிலை மேலே போகும். 7 பி.எஸ்.ஐ. மூடி சரியாகப் பிடித்தால் 108, 109 வரைக்கும் கொதிக்காது. பேகூர் நண்பரே, 98-ல் உங்கள் வண்டி கொதித்தது என்றால் மூடி அழுத்தம் பிடிக்கவில்லை என்றுதான் அர்த்தம். அதை மாற்றிவிடுங்கள். வால்வு வாங்கும்போது பழைய நம்பரைப் பார்த்து அதே டிகிரி வாங்குங்கள், கேஸ்கெட்டும் புதுசு போடுங்கள்.

தும்கூர் ரோடு

மூடி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வண்டியின் கிளீனர் பையன் கொதிக்கும் ரேடியேட்டர் மூடியைத் திருகிவிட்டான். ஆவி முகத்தில் அடித்து ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் கிடந்தான். கண் பிழைத்தது. இன்ஜினை நிறுத்தி, மேல் ஹோஸைக் கையால் பிடிக்க முடிகிற அளவுக்கு ஆறிய அப்புறம்தான் மூடியைத் தொட வேண்டும். கொதித்த இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றி ஹெட் விரிசல் விட்ட வண்டியையும் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து பையன்களுக்கு இதை முதல் நாளே சொல்லிக்கொடுங்கள்.

அல்சூர் கணக்கு நோட்டு

எங்கள் வீட்டில் ஒரு பழைய 1210 லாரி இருக்கிறது. அவர் ஓட்டுகிறார், கணக்கு நான் எழுதுகிறேன். டீசல் பில்லோடு கிலோமீட்டரும் எழுதுவது என் பழக்கம். இரண்டு வருஷமாக லிட்டருக்கு 4.1 கொடுத்துக்கொண்டிருந்த வண்டி மெதுவாக 3.7-க்கு வந்துவிட்டது. டயர், இன்ஜெக்டர், ஃபில்டர் எல்லாம் பார்த்தாயிற்று. பம்ப்பில் ஏமாற்றுகிறார்கள் என்று இரண்டு பங்க்கும் மாற்றிப் பார்த்தோம்.

அப்புறம் ஒரு நாள் கூடவே போய் முள்ளைப் பார்த்து எழுத ஆரம்பித்தேன். விடிகாலை யஷ்வந்த்பூர் போனபோது 58. டிசம்பர் மாதம், நல்ல குளிர். மதியம் திரும்பும்போது 66. வால்வு திறந்த நிலையிலேயே இறுகிக் கிடந்தது. மாற்றியதும் 80-லிருந்து 84-க்குள் நிற்கிறது, நோட்டில் 4.0 வருகிறது. காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது தெருவையே மூடும் வெள்ளைப் புகை போய்விட்டது, பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் அதைக் கவனித்தேன்.

கலாசிபாளையம் பழைய கை

அம்மா, நீங்கள் செய்ததுதான் சரியான வழி. ஒவ்வொரு வண்டிக்கும் அதற்கென்று ஒரு நம்பர் உண்டு. அது தெரிந்தால் மாறும்போது பிடித்துவிடலாம்.

பேகூர் தம்பிக்கு இன்னொரு கேள்வி. ரேடியேட்டரில் என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள்?

பேகூர் டேங்கர்

டேங்கில் இருப்பதைத்தான் அண்ணே. போர்வெல் தண்ணீர். ஒரு பக்கெட் பிடித்து ஊற்றுவோம், அதற்கென்று வேறு தண்ணீர் தேட வேண்டாமே என்று.

கலாசிபாளையம் பழைய கை

அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். பெங்களூர் போர்வெல் தண்ணீர் பெரும்பாலும் உப்பு நிறைந்த கடினத் தண்ணீர். வீட்டுக் கெட்டிலில் வெள்ளையாகப் படிகிறதே, அதே படிவம் ரேடியேட்டர் குழாயிலும் லைனர் முதுகிலும் படியும். சூட்டை வெளியே விடாது. ரேடியேட்டரைக் கழற்றி, மேல் டேங்கைப் பிரித்து ராட் விட்டுச் சுத்தம் செய்யுங்கள். அப்புறம் டிஸ்டில்ட் வாட்டரும் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி. உங்கள் இன்ஜின் ஈர லைனர் வகையாக இருந்தால், தண்ணீர் நேராக லைனரைத் தொடும். பிஸ்டன் அடிக்கும் அதிர்வில் லைனர் முதுகில் சின்னச் சின்னக் குமிழி உண்டாகி உடையும். உடைகிற இடத்தில் இரும்பைத் துளித்துளியாகப் பெயர்க்கும். கனரக டீசலுக்கான கூலன்ட்டில் அதைத் தடுக்கும் மருந்து இருக்கிறது. கார் கூலன்ட்டை வாங்கி ஊற்றாதீர்கள்.

பேகூர் டேங்கர்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், எல்லாரும் மன்னிக்க வேண்டும். வேலை முடிந்த அப்புறம் எழுதலாம் என்று இருந்தேன்.

ஹவுசிங்கைத் திறந்தோம். அண்ணே சொன்ன மாதிரியே காலி. எப்போது, யார் கழற்றினார்கள் என்று தெரியவில்லை, அப்பா காலத்திலேயே போயிருக்கலாம். ரேடியேட்டர் மேல் டேங்கைப் பிரித்ததும் குழாய் வாய்களில் மூன்றில் ஒரு பங்கு செம்மண் நிறப் படிவத்தால் மூடிக் கிடந்தது. ராட் விட்டவர் ஒரு சின்ன டப்பா நிறைய அந்தத் தூளைக் கொட்டிக் காட்டினார்.

வால்வு 82 டிகிரி வாங்கினேன். போடுவதற்கு முன்னால் வீட்டு அடுப்பில் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, வால்வை நூலில் கட்டித் தொங்கவிட்டு, தெர்மோமீட்டரும் வைத்துப் பார்த்தேன். மனைவியும் பையனும் பக்கத்தில் நின்றார்கள். 80 வரைக்கும் அசையவில்லை. 83-ல் ஒரு மயிரிழை விலகியது. 94-ல் அடித்தட்டு விரல் பருமன் கீழே இறங்கி நின்றது. இத்தனை வருஷம் வண்டி வைத்திருந்தும் அந்தச் சின்னப் பொருள் வேலை செய்வதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

மூடி புதுசு, ஃபேன் பெல்ட் புதுசு, கூலன்ட் ஊற்றிக் காற்று போகும்வரை ஐடிலில் விட்டோம். டேப் ஒட்டிக் கன் வைத்தும் பார்த்தாயிற்று. முள்ளுக்கும் அதற்கும் இரண்டு டிகிரிதான் வித்தியாசம்.

இப்போது லோடோடு பன்னேர்கட்டா ரோட்டில் 83. நேற்று ஆறு மாடிக் கட்டடத்துக்கு முப்பத்தைந்து நிமிஷம் நிறுத்தாமல் ஏற்றினோம், 91-ல் நின்றது, அதற்கு மேல் போகவில்லை. டிரைவருக்கு முதல் இரண்டு நாள் மனசே ஆறவில்லை, 83-ஐப் பார்த்துப் பார்த்து வண்டியை ஓரங்கட்டினார். மூன்றாவது நாள் அவரே வெள்ளை மார்க்கர் வாங்கி மீட்டர் கண்ணாடியில் 80-க்கு ஒரு கோடு, 90-க்கு ஒரு கோடு போட்டுவிட்டார். ஆயில் கூலர் பக்கம் மட்டும் ஒரு சொட்டுக் கசிவு தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கலாசிபாளையம் கொண்டுவருகிறேன் அண்ணே, இருப்பீர்களா?