கறுப்புக் கோட்டின் கொலர் பின்கழுத்தில் படியவில்லை, நுனிகளும் மேலே சுருள்கின்றன: உதவி தேவை

தையல்பிள்ளை (கொக்குவில்)

அனைவருக்கும் வணக்கம். நான் வீட்டோடு சேர்ந்த அறையொன்றில் 11 ஆண்டுகளாகத் தைத்து வருகிறேன். சாறிச் சட்டையும் பாடசாலைச் சீருடையும்தான் என்னுடைய வழக்கமான வேலை. கோட் தைப்பது இதுவே முதல் தடவை. என்னுடைய தம்பி சட்டக் கல்வியை முடித்துவிட்டு, அடுத்த மாதம் கொழும்பில் உயர் நீதிமன்றத்தில் சட்டத்தரணியாகச் சத்தியப்பிரமாணம் செய்யவிருக்கிறான். அன்றைக்கு அவன் அணியும் கறுப்புக் கோட் என் கையால் தைத்ததாக இருக்க வேண்டும் என்பது என்னுடைய நீண்ட நாள் விருப்பம். அதனால் கடையில் ஆயத்தக் கோட் வாங்க வேண்டாம் என்று நானே அவனைத் தடுத்துவிட்டேன்.

உடலும் கையும் நன்றாகவே வந்திருக்கின்றன. கொலரில்தான் மூன்று பிழைகள் தெரிகின்றன. முதலாவது, பின்கழுத்தில் கொலரும் முதுகுத் துணியும் சேரும் தையற்கோடு மறையாமல் வெளியே தெரிகிறது. இரண்டாவது, கோட்டின் கொலருக்கும் சேட்டின் கொலருக்கும் இடையில் ஒரு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி நிற்கிறது. மூன்றாவது, கொலரின் இரண்டு நுனிகளும் காய்ந்த வெற்றிலையைப் போல மேல்நோக்கிச் சுருள்கின்றன. எத்தனை முறை ஈரத்துணி போட்டு அழுத்தி மினுக்கினாலும், அரை மணி நேரத்தில் பழையபடி எழும்பிவிடுகின்றன.

துணி கம்பளி. விறைப்புக்காக உள்ளே வைக்கும் கன்வஸ் துணியைக் கொலருக்குள் வைத்துக் கையால்தான் தைத்தேன். எங்கே பிழைவிட்டேன் என்று தெரிந்தவர்கள் சொல்லித் தந்தால் பெரிய உதவியாக இருக்கும்.

பழைய கத்தரி (சுன்னாகம்)

வணக்கம் பிள்ளை. கொலரைக் குற்றம் சொல்வதற்கு முன்னர், குற்றம் கொலரில்தான் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தோளின் சாய்வோ முதுகின் உயரமோ பிழையாக இருந்தால், எந்தக் கொலரைப் பூட்டினாலும் அது கழுத்தை விட்டு விலகித்தான் நிற்கும். ஆகவே கொலரை முழுவதுமாகப் பிரித்துவிட்டு, வெறும் கோட்டைத் தம்பிக்குப் போட்டுப் பாருங்கள். பின்கழுத்து விளிம்பு சேட்டின் கொலரைத் தொட்டுக்கொண்டு அமைதியாகப் படிந்தால் உடலில் பிழையில்லை.

அவன் கோட்டோடு நிற்கும்போதே இன்னொரு வேலையையும் செய்யுங்கள். பின்கழுத்துத் தையலில் இருந்து கீழே 1.3 சென்ரிமீற்றர் தள்ளி, கொலரின் வெளி விளிம்பு எந்த வழியாகத் தோளைக் கடந்து முன்னே வர வேண்டுமோ, அந்த வழியைச் சோக்கால் வரைந்து, அளவுநாடாவை நிமிர்த்திப் பிடித்து அளவெடுங்கள். பின்னர் நீங்கள் பிரித்தெடுத்த கொலரின் வெளி விளிம்பையும் அளந்து, இரண்டையும் எழுதுங்கள்.

கீழ்க் கொலரை, அதாவது கொலரின் அடிப்பக்கத் துணியை, எந்தத் துணியில், நூலின் எந்தப் போக்கில் வெட்டினீர்கள், கன்வஸை வெட்டுவதற்கு முன்னர் தண்ணீரில் ஊறவிட்டீர்களா, மேசையில் விரித்து வைத்துத் தைத்தீர்களா அல்லது கையில் பிடித்துத் தைத்தீர்களா என்பவற்றையும் மறக்காமல் சொல்லுங்கள்.

தையல்பிள்ளை

ஐயா, நீங்கள் சொன்னபடியே செய்தேன். கொலர் இல்லாமல் கோட் மிக அழகாகப் படிகிறது. தோளில் வரைந்த கோடு 47 சென்ரிமீற்றர் வந்தது. என்னுடைய கொலரின் வெளி விளிம்போ 44.5 சென்ரிமீற்றர்தான் இருக்கிறது.

கீழ்க் கொலரைக் கோட்டின் துணியிலேயே, நடுவில் ஒட்டு வராமல் ஒரே துண்டாக, நூலின் நேர்ப்போக்கில் வெட்டினேன். கன்வஸையும் அப்படித்தான் வெட்டினேன். ஊறவிடவில்லை. மேசையில் விரித்து, குண்டூசி குத்தி, அசையாமல் வைத்துத் தைத்தேன். தைத்து முடிந்ததும் சேட்டுக் கொலரை மடிப்பதுபோல மடித்து, மடிப்பின் மேலேயே அயன் பெட்டியை இழுத்தேன். மேல் கொலரையும் கீழ்க் கொலரையும் ஒரே அளவில் வெட்டி, மெசினில் சேர்த்துத் திருப்பினேன். மீதித் துணி 18 அங்குல நீளமும் 9 அங்குல அகலமும் கொண்ட ஒரு துண்டு மட்டுமே இருக்கிறது.

பழைய கத்தரி

பிள்ளை, காரணம் உங்கள் பதிலிலேயே இருக்கிறது. சேட்டின் கொலரைத் தட்டையாகத் தைத்துப் பிறகு மடிக்கிறோம். கோட்டின் கொலர் அப்படியானதன்று. அது தைக்கும்போதே வளைவாகப் பிறக்க வேண்டும். நீங்கள் தட்டையான ஒரு பலகையைச் செய்துவிட்டு, அதைக் கழுத்தைச் சுற்றி வளைக்கப் பார்க்கிறீர்கள். அதனால்தான் மூன்று பிழைகளும் ஒன்றாக வந்திருக்கின்றன.

முதலில் அந்த இரண்டரைச் சென்ரிமீற்றரைப் பாருங்கள். கொலரில் இரண்டு பகுதிகள் உண்டு. கழுத்தோடு ஒட்டி நிற்பது ஏறத்தாழ 3 சென்ரிமீற்றர், வெளியே மடிந்து விழுவது ஏறத்தாழ 4.5 சென்ரிமீற்றர். விழும் பகுதி அகலமாக இருப்பதால்தான் தையற்கோடு மறைகிறது. ஆனால் விழும் பகுதியின் வெளி விளிம்பு தோளின் மேல் அகன்ற வட்டமாகச் சுற்றி வருகிறது, மடிப்புக்கோடோ கழுத்தை ஒட்டிய சிறிய வட்டத்தில் நிற்கிறது. வெளி விளிம்பு நீளம் குறைந்தால் தோளில் இறங்க இடமில்லாமல் மேலே ஏறிவிடும், தையலும் தெரியும். மடிப்புக்கோடு இழுபட்டு நீண்டால் கழுத்தில் இடைவெளி விழும். நீங்கள் மடிப்பின் மேல் அயன் பெட்டியை இழுத்தபோது, நீள வேண்டிய விளிம்பு அப்படியே இருக்க, நீளக்கூடாத கோடு நீண்டுவிட்டது.

நேர்ப்போக்கில் வெட்டிய துணி, எவ்வளவு நீராவி கொடுத்தாலும் போதிய அளவு இழுபடாது. கீழ்க் கொலரும் அதன் கன்வஸும் மூலைவாட்டில், அதாவது நூலுக்கு 45 பாகை சாய்வில் இருக்க வேண்டும். கீழ்க் கொலரை நடுமுதுகில் ஒட்டு வரும்படி இரண்டு பாதிகளாக வெட்டுவதும் இதற்காகவே. ஒரே துண்டாக மூலைவாட்டில் வெட்டினால், இடப்பக்கம் நெடுக்கு நூலிலும் வலப்பக்கம் குறுக்கு நூலிலும் விழுந்து, இரண்டு பக்கமும் வேறு வேறாக இழுபடும். பலர் அந்த நடு ஒட்டைத் துணிச் சிக்கனம் என்று நினைக்கிறார்கள்.

மீதித் துண்டை மேல் கொலருக்காகப் பத்திரமாக வையுங்கள். கீழ்க் கொலருக்குக் கறுப்பு மெல்டன் துணி தேடுங்கள். அது நெய்த பின்னர் அமுக்கி அடர்த்தியாக்கிய கம்பளி என்பதால் வெட்டிய விளிம்பு நூல் பிரியாது, மடிக்காமலே எம்மிங் செய்யலாம், அதாவது விளிம்பைக் கையால் தைத்துப் பிடிக்கலாம். இங்குள்ள கடைகளில் கிடைக்காவிட்டால், வெளிநாட்டில் இருந்து வந்த உறவினர்கள் விட்டுச்சென்ற குளிர்க் கோட் ஏதும் அலுமாரியில் கிடக்கிறதா என்று பாருங்கள். அதிகம் தடிப்பில்லாத கோட்டின் முதுகில் ஒரு கொலருக்கு வேண்டிய துணி தாராளமாகக் கிடைக்கும்.

நூற்கட்டை (மானிப்பாய்)

அக்கா, நாள் குறைவாக இருந்தால் பசைக் கன்வஸ் ஒட்டிப் பாருங்களேன். ஆயத்தக் கோட்டுகள் பலவற்றிலும் அதுதான் இருக்கிறது. அயன் பெட்டியை வைத்தால் ஒட்டிக்கொள்ளும், கைத்தையலே தேவையில்லை.

பழைய கத்தரி

தம்பி, தொழிற்சாலையில் அதற்கென்று அழுத்தும் இயந்திரமும், சரியாகக் கணக்கிட்டு வெட்டிய வளைந்த கொலரும் இருக்கின்றன. அங்கே அது பொருந்தும். வீட்டு அயன் பெட்டியால் எல்லா இடத்திலும் ஒரே சூட்டில் ஒட்டுவது கடினம், சரியாக ஒட்டாத இடம் பின்னர் கொப்பளம்போல எழும்பும். அதைவிட முக்கியமான விடயம், பசை இரண்டு துணியையும் ஒரே நீளத்தில் பிடித்துவிடும். இந்தப் பிள்ளைக்கு வேண்டியது இரண்டும் வேறு வேறு நீளத்தில் நிற்கும் கொலர்.

பிள்ளை, இனித் தையலுக்கு வருகிறேன். கன்வஸைப் பச்சைத் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவிட்டு, முறுக்காமல் கொடியில் போட்டுக் காயவிட்டு, மினுக்கிய பின்னரே வெட்டுங்கள். ஊறாத கன்வஸ், நீங்கள் ஈரத்துணி போட்டு அழுத்தும் ஒவ்வொரு முறையும் உள்ளே சுருங்கித் துணியையும் இழுக்கும்.

கன்வஸை மெல்டனின் மேல் வைத்து, தற்காலிகமான நீளத் தையலால் நூலோட்டிப் பிடித்த பின்னர், மடிப்புக்கோட்டில் முதல் வரிசையைத் தையுங்கள். அந்த வரிசையில் நூலைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்து, ஒவ்வொரு பக்கமும் தோள் வரும் இடத்தில் ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் சுருங்க விடுங்கள். கழுத்து இடைவெளியை மூடுவது இந்த வரிசைதான். அடுத்து, நிற்கும் பகுதியை மடிப்புக்கோட்டுக்குச் சமாந்தரமான வரிசைகளில், நெருக்கமான சாய்தையலால், அதாவது கன்வஸையும் மெல்டனையும் சேர்த்துப் பிடிக்கும் சாய்வான சிறு கைத்தையலால், நிரப்புங்கள். அது கொஞ்சம் விறைப்பாக இருக்கலாம்.

விழும் பகுதியில் மேசையை மறந்துவிடுங்கள். இடது கையின் சுட்டுவிரல் மேல் மெல்டன் படும்படியும், கன்வஸ் மேலே இருக்கும்படியும் கொலரை வளைத்துப் பிடியுங்கள். ஊசி கன்வஸுக்குள் இறங்கி, மெல்டனில் ஒரு நூலையோ இரண்டு நூலையோ மட்டும் கவ்வி உடனே மேலே வர வேண்டும். கீழே இருக்கும் விரல் நுனியில் ஊசிமுனை இலேசாக உரசும், அந்த உரசல் தெரிந்த கணத்திலேயே ஊசியைத் திருப்புங்கள். உரசல் தெரியவேயில்லை என்றால் மெல்டனைப் பிடிக்கவில்லை, குத்தினால் கூடுதலாகப் பிடித்துவிட்டீர்கள். நூலை இழுத்து இறுக்க வேண்டாம், அது படுத்திருந்தால் போதும். ஒவ்வொரு தையலும் 6 அல்லது 7 மில்லிமீற்றர் இருக்கட்டும். வரிசை முடிந்ததும் கொலரைத் திருப்பாமல் அப்படியே பின்னோக்கித் தைத்து வந்தால், நெல்லுக்கதிரைப் போல ஒரு வரிசை இடமும் அடுத்தது வலமுமாகச் சாயும். நுனிக்குக் கிட்ட வரும்போது வளைவை இன்னும் கூட்டி, தையலையும் சிறிதாக்குங்கள்.

சரியாகச் செய்தீர்களா என்று அறிய ஒரு அடையாளம் உண்டு. ஒரே அளவில் வெட்டிய இரண்டு துணிகளில், தைத்து முடிந்ததும் மெல்டனின் விளிம்பு கன்வஸைத் தாண்டி ஒன்று அல்லது இரண்டு மில்லிமீற்றர் வெளியே எட்டிப் பார்க்க வேண்டும். வளைவின் வெளிப்புறத்தில் கன்வஸ் கூடிய தூரம் போனதால்தான் அது உள்ளே தங்குகிறது. இரண்டு விளிம்பும் சமமாக நின்றால் கொலர் இன்னும் பலகையாகத்தான் இருக்கிறது என்று அர்த்தம்.

மெழுகுநூல் (நெல்லியடி)

தங்கச்சி, ஐயா சொன்னதோடு நான் முழுவதும் உடன்படுகிறேன். ஆனால் கொலரின் பாதி வேலை அயன் பெட்டியில்தான் இருக்கிறது என்பது என்னுடைய அனுபவம். 1990களில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லாத காலத்தில், என்னுடைய தகப்பனார் சிரட்டைக் கரி போட்ட பெட்டியாலேயே கொலர்களை வளைத்தெடுத்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

பழைய பருத்தி வேட்டித் துண்டொன்றை நனைத்துப் பிழிந்து விழும் பகுதியின் மேல் போடுங்கள். பெட்டியை வெளி விளிம்பில் வைத்து, மற்றக் கையால் அந்த விளிம்பை வளைவாக இழுத்துக்கொண்டே போங்கள். தோள் வரும் இடத்தில்தான் கூடுதலாக இழுக்க வேண்டும், நுனிக்குக் கிட்ட இழுக்கவே கூடாது. அதன் பின்னர் கழுத்தில் தைபடும் விளிம்பையும் அதேபோல இழுங்கள். பெட்டி மடிப்புக்கோட்டுக்கு ஒரு விரல் அகலம் முன்னரே நின்றுவிட வேண்டும். கொலர் குதிரை லாடத்தைப் போல வளைந்து வரும். 47 சென்ரிமீற்றர் வந்ததா என்று அளவுநாடா வைத்துப் பார்த்து நிறுத்துங்கள்.

அதன் பிறகு, கழுத்தளவில் உள்ள போத்தல் ஒன்றைச் சுற்றிக் கொலரைக் கையால் மடித்து வைத்து, நன்றாகக் காயும் வரை தொடாதீர்கள். மாரி மழைக்காலத்தில் ஒரு இரவு போதாது. உள்ளே ஈரம் இருக்கும்போது எடுத்தால், கொடுத்த வளைவு முழுவதும் போய்விடும்.

மேல் கொலரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் நுனிகள் சுருளும் காரணத்தில் பாதி அங்கேதான் இருக்கிறது. மேலே படுத்திருக்கும் துணி வளைவின் வெளிப்பக்கம் என்பதால் அதற்குக் கூடிய இடம் வேண்டும். இரண்டையும் ஒரே அளவில் வெட்டினால், மேல் துணி இறுகி நுனியை மேலே இழுக்கும். ஆகவே மேல் கொலரைச் சுற்றிவர ஒரு சென்ரிமீற்றர் கூடுதலாக வெட்டி, அதையும் அயன் பெட்டியால் வளைத்து, கீழ்க் கொலரைக் கோட்டில் கையால் பூட்டிய பின்னர், மடித்த நிலையிலேயே அதன் மேல் போர்த்தி நூலோட்டுங்கள். இரண்டு நுனியிலும் சிறிய தளர்ச்சியைக் கையால் உள்ளே தள்ளிவிட்டு, மிகுதியை மடித்து, மெல்டனின் விளிம்பு 2 மில்லிமீற்றர் உள்ளே நிற்கும்படி எம்மிங் செய்யுங்கள். மெசின் இந்த இடத்தில் வேண்டவே வேண்டாம்.

தையல்பிள்ளை

ஐயாவுக்கும் அண்ணாவுக்கும் மிக்க நன்றி. பெரியம்மா ரொறன்ரோவில் இருந்து வந்தபோது விட்டுச்சென்ற கறுப்புக் குளிர்க் கோட்டில் இருந்து கீழ்க் கொலரை வெட்டினேன். சாய்தையலுக்கு இரண்டு மாலைகள் பிடித்தன. முதல் மாலையில் விரல் நுனி முழுவதும் புள்ளி புள்ளியாகிவிட்டது, இரண்டாம் நாள்தான் அந்த உரசல் பிடிபட்டது. விளிம்பைப் பார்த்தேன், மெல்டன் ஒன்றரை மில்லிமீற்றர் அளவில் வெளியே நின்றது. அதைக் கண்டதும் எனக்கு வந்த மகிழ்ச்சியைச் சொல்லத் தெரியவில்லை.

இழுத்து முடித்தபோது வெளி விளிம்பு 46.8 சென்ரிமீற்றர் வந்தது. போத்தலில் இரண்டு நாள் விட்டேன். இன்று காலை தம்பிக்குப் போட்டுப் பார்த்தோம். பின்தையல் முழுவதுமாக மறைந்துவிட்டது. கழுத்தில் இடைவெளி இல்லை, சேட்டின் கொலர் மேலே ஒரு சென்ரிமீற்றருக்குச் சற்றுக் கூடுதலாகச் சீராகத் தெரிகிறது. வலது நுனி தானாகவே நெஞ்சை நோக்கிக் குனிகிறது. இடது நுனி மட்டும் இன்னும் கொஞ்சம் மேலே பார்க்கிறது. கொலர் முழுவதையும் திரும்பப் பிரிக்க வேண்டுமா?

மெழுகுநூல்

வேண்டாம் தங்கச்சி. இடது நுனியில் இரண்டு பக்கமும் 4 சென்ரிமீற்றர் தூரத்துக்கு எம்மிங்கை மட்டும் பிரியுங்கள். அங்கே மெல்டன் சற்றுப் பெரிதாக நிற்கும். அதை ஒரு மில்லிமீற்றர் அளவில் சீவிவிட்டு, நுனியை விரலில் கீழ்நோக்கி வளைத்துப் பிடித்தபடியே திரும்ப எம்மிங் செய்யுங்கள். தட்டையாக வைத்துத் தைத்தால் பழையபடி எழும்பும்.

தையல்பிள்ளை

செய்துவிட்டேன் அண்ணா. இரண்டு நுனியும் இப்போது ஒரே மாதிரிப் படிகின்றன. கோட்டைத் தூக்கிக் கொழுவியில் மாட்டி, மறுநாள் மாலையும் போய்ப் பார்த்தேன். எழும்பவில்லை.

பழைய கத்தரி

நல்லது பிள்ளை. கொழும்புக்குப் பயணம் போகும்போது கோட்டை மடித்துப் பையில் வைக்க விடாதீர்கள். கொலரைத் தூக்கி நிமிர்த்தி, உள்ளே ஒரு துவாயைச் சுருட்டி வைத்து, கொழுவியிலேயே கையில் கொண்டுபோகச் சொல்லுங்கள். தம்பிக்கு என்னுடைய வாழ்த்துகள்.