'எம்ஃபசைஸ்' பக்கத்தில் 'ஆன்' வருமா, வராதா?

கோத்தகிரிக்காரன்:
வணக்கம். எங்கள் ஊரில் சிறு தேயிலை விவசாயிகள் 20 பேர் சேர்ந்து, பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியாகிற விலை கேட்டு ஒரு மனு எழுதுகிறோம். கொல்கத்தாவில் உள்ள தேயிலை வாரியத் தலைமை அலுவலகத்துக்குப் போக வேண்டியது, அதனால் ஆங்கிலத்தில் இருக்கட்டும் என்று முடிவாகி, பிளஸ் டூவில் ஆங்கிலத்தில் நல்ல மார்க் வாங்கியவன் என்ற ஒரே பாவத்துக்கு என் தலையில் கட்டிவிட்டார்கள். குறைந்தபட்ச விலை நிர்ணயிக்க வலியுறுத்துகிறோம் என்று சொல்ல நான் எழுதியது இது: 'வி எம்ஃபசைஸ் ஆன் டு ஃபிக்ஸ் எ மினிமம் பிரைஸ்.' பக்கத்து வீட்டு ரிட்டயர்டு டீச்சரிடம் காட்டினேன், அந்த 'ஆன்' மேல் பென்சிலால் வட்டம் போட்டுவிட்டார். ஆனால் இரண்டு பத்தி தள்ளி 'அவர் எம்ஃபசிஸ் ஆன் குவாலிட்டி' என்று எழுதியிருந்தேன், அதைத் தொடவே இல்லை. கேட்டால் 'அது வேற, இது வேற' என்கிறார். என்ன வேற? திங்கட்கிழமை தபாலில் போட வேண்டும், யாராவது சொல்லுங்கள்.

குன்னூர் பாசஞ்சர்:
டீச்சர் சொன்னது சரிதான். எம்ஃபசிஸ் என்பது பெயர்ச்சொல், அதற்கு 'ஆன்' வேண்டும். எம்ஃபசைஸ் வினைச்சொல், அது செயப்படுபொருளை நேரே பிடித்துக்கொள்ளும், நடுவில் தரகர் தேவையில்லை. தமிழிலும் இதே கதைதான், நாம் கவனிப்பதில்லை, அவ்வளவே. 'தரத்துக்கு முக்கியத்துவம் கொடுக்கிறோம்' என்றால் 'கு' வருகிறது, 'தரத்தை வலியுறுத்துகிறோம்' என்றால் 'ஐ' வருகிறது. 'தரத்துக்கு வலியுறுத்துகிறோம்' என்று ஒருவர் எழுதினால் காதில் உறுத்தும் இல்லையா, ஆங்கிலம் தாய்மொழியானவர்களுக்கு 'எம்ஃபசைஸ் ஆன்' அப்படித்தான் உறுத்தும். ஸ்ட்ரெஸ், அண்டர்லைன், ஹைலைட் எல்லாம் வினையாக வரும்போது இதே ரகம். 'டிஸ்கஸ் அபௌட்' தப்பு என்று பள்ளிக்கூடத்தில் தலையில் குட்டுவார்களே, அதுவும் இதே கணக்குத்தான்.

ஏரிக்கரை லாட்ஜ்:
'ஆன்' பிரச்சினையை விடுங்கள், அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. 'ஆன்' எடுத்துவிட்டாலும் உங்கள் வாக்கியம் நிற்காது. 'எம்ஃபசைஸ் டு ஃபிக்ஸ்' என்று ஆங்கிலத்தில் கிடையாது.

இதற்குக் காரணம் நம்முடைய 'வலியுறுத்து'. பேப்பரில் தினமும் வருமே, 'பல்வேறு கோரிக்கைகளை வலியுறுத்தி ஆர்ப்பாட்டம்' என்று. அங்கே வலியுறுத்துவது என்றால் செய்து கொடு என்று கேட்பது. அதே சொல்லையே 'கட்டுரையாளர் கல்வியின் அவசியத்தை வலியுறுத்துகிறார்' என்றும் எழுதுகிறோம், அங்கே யாரும் யாரிடமும் எதையும் கேட்கவில்லை, சொன்னதை அழுத்திச் சொல்வதோடு சரி. எம்ஃபசைஸ் இந்த இரண்டாவதுக்கு மட்டும்தான். முதலாவதுக்கு ஆளைப் பார்த்துக் கேட்டால் 'அர்ஜ்', விடாப்பிடியாக நின்றால் 'இன்சிஸ்ட் ஆன்'. உங்களுக்கு அந்த 'ஆன்' ஒருவேளை இங்கேயிருந்துதான் ஒட்டிக்கொண்டதோ என்னவோ.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால் பட்டுத் தெரிந்தது. கொடைக்கானலில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் இருக்கிறேன். 2024 மே 7 முதல் இங்கேயும் ஊட்டிப் பக்கமும் இ-பாஸ் வந்தது ஞாபகம் இருக்கும். வெளிநாட்டு டிராவல் ஏஜென்ட் ஒருவருக்கு 'ப்ளீஸ் எம்ஃபசைஸ் யுவர் கெஸ்ட்ஸ் டு டேக் இ-பாஸ்' என்று மெயில் தட்டிவிட்டேன். 'எங்கள் விருந்தினர்களில் யாரைத் தனியாகக் காட்ட வேண்டும்?' என்று பதில் வந்தது. ஆளை எம்ஃபசைஸ் பண்ண முடியாது சாமி, விஷயத்தைத்தான் பண்ணலாம். 'எம்ஃபசைஸ் டு யுவர் கெஸ்ட்ஸ் தட் த இ-பாஸ் இஸ் கம்பல்சரி' என்று போட்டிருக்க வேண்டும். சும்மா 'ரிமைண்ட்' என்று போட்டிருந்தால் இந்த வம்பே இல்லை.

பனிமூட்டம்77:
எல்லாரும் இவ்வளவு அலட்டிக்கொள்ள வேண்டுமா? நம் நாட்டில் பாதிப் பேர் 'ஸ்ட்ரெஸ் ஆன்', 'எம்ஃபசைஸ் ஆன்' என்றுதான் பேசுகிறார்கள், கேட்கிறவனுக்குப் புரிகிறது. இன்னும் கொஞ்ச நாள் போனால் அதுவே சரி என்றாகிவிடும். இங்கே மலைக்கு வருகிற கூட்டமெல்லாம் ஸ்ட்ரெஸ் குறைக்கத்தான் வருகிறது, நீங்கள் ஏற்றி விடுகிறீர்கள்.

குன்னூர் பாசஞ்சர்:
பேச்சில் யார் வேண்டாம் என்றது. டீக்கடையில் நானே 'ஸ்ட்ரெஸ் ஆன்' என்று சொல்லியிருப்பேன். ஆனால் மனு என்றால் படிக்கிறவர் முதல் வரியிலேயே பென்சிலை எடுத்துவிட்டால் விலை விஷயத்துக்கு வந்து சேர மாட்டார்.

அப்புறம் ஒன்று. பச்சைத் தேயிலை விலைக்கு எம்ஃபசைஸ் எங்கே பொருந்தும் என்றால், காரணம் சொல்கிற இடத்தில். நமக்கு 'ஏ', 'தான்' என்று கையடக்கமான கருவி இருக்கிறது. 'நான்தான் கொழுந்து எடுத்தேன்', 'நான் கொழுந்துதான் எடுத்தேன்', ஒரு 'தான்' இடம் மாறினால் சண்டையே மாறிவிடும். ஆங்கிலத்தில் பேசும்போது குரலை ஏற்றிச் சமாளிப்பார்கள். எழுத்தில் அது முடியாது, அதனால் 'ஒன்லி', 'அலோன்' மாதிரி சொல் போடுவார்கள், இல்லை எழுத்தைச் சாய்ப்பார்கள், அதுவும் போதாதபோது இந்த எம்ஃபசைஸை இழுத்துக்கொண்டு வருவார்கள். ஒரு கடிதத்தில் ஒரு தடவை போதும், வரிக்கு வரி போட்டால் எதுவுமே எடுப்பாகத் தெரியாது.

கோத்தகிரிக்காரன்:
ரொம்ப நன்றி. இப்படி மாற்றிவிட்டேன்: 'வி அர்ஜ் த போர்டு டு ஃபிக்ஸ் எ மினிமம் பிரைஸ். வி எம்ஃபசைஸ் தட் பிளக்கிங் வேஜஸ் அலோன் டேக் அப் மோஸ்ட் ஆஃப் அவர் இன்கம்.' பறிப்புக் கூலி போக என்ன மிஞ்சுகிறது என்பதுதான் எங்கள் பிரச்சினையே. டீச்சர் படித்துவிட்டுத் தலையாட்டினார். ஸ்பெல்லிங்கில் எஸ் போடுவதா இசட் போடுவதா? இன்னொன்று, கடைசி வரியில் 'வி ரிக்வெஸ்ட் ஃபார் யுவர் ஆக்‌ஷன்' என்று இருக்கிறது, அது சரிதானே?

ஏரிக்கரை லாட்ஜ்:
எஸ், இசட் இரண்டும் சரி. அமெரிக்காவில் இசட், பிரிட்டனில் பெரும்பாலும் எஸ். ஒன்றைப் பிடித்தால் கடைசி வரை அதையே விடாதீர்கள். அப்புறம் அந்த 'ஃபார்', அதையும் எடுத்துவிடுங்கள், டீச்சர் பார்ப்பதற்குள்.