புதுப்பிப்பு: போஸ்ட்டொக் நேர்காணல் முடிந்தது

துகள் இயற்பியல் கோட்பாட்டில் பிஎச்டி முடித்த நான், மெஷின் லேர்னிங் சேர்ந்த போஸ்ட்டொக் (பிஎச்டிக்குப் பிந்தைய தற்காலிக ஆய்வுப் பணி) இடங்களுக்கு விண்ணப்பிக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். "நியூரல் நெட்வேர்க் தரும் விடையை எப்படி நம்புவது?" என்று ஒரு அண்ணா திருப்பிக் கேட்டார். நேர்காணலிலும் அதே கேள்விதான்!

கல்லடி வீட்டிலிருந்தே சூமில் பேசினேன். கரண்ட் போகவில்லை, அதுவே பெரிய விஷயம்.

நான் எடுத்த உதாரணம் லாட்டிஸ் கணக்கு. வெளியையும் காலத்தையும் சிறு கட்டங்களாக்கி, புரோட்டன் போன்றவற்றுக்குள் இருக்கும் குவார்க், குளுவோன் துகள்களின் புலங்களுக்கு மாதிரிகளை மொன்டே கார்லோ முறையில், அதாவது தற்செயல் எண்களைக் கொண்டு, எடுப்பார்கள். கட்ட இடைவெளி சிறுக்கச் சிறுக்க அடுத்தடுத்த மாதிரிகள் ஒன்றுபோலவே வரும், கணினி நேரம் கரையும். 2019 அளவில் இருந்து 'நோர்மலைசிங் ஃப்ளோ' என்ற, எளிய தற்செயல் எண்களைப் படிப்படியாக மாற்றி மாதிரிகளாக்கும் நியூரல் நெட்வேர்க் வலையமைப்புகளைக் கொண்டு புது மாதிரிகளை முன்மொழிய வைத்துப் பார்க்கிறார்கள். ஏற்பதா தள்ளுவதா என்பதை, மாதிரியைச் சரியான நிகழ்தகவோடு ஒப்பிடும் மெட்ரோபொலிஸ் சோதனை முடிவுசெய்யும். வலையமைப்பு அரைகுறையாகப் பழகியிருந்தால் பெரும்பாலும் வேகம்தான் குறையும், விடை தவறாகாது. ஆனால் சாத்தியமான மாதிரிகளில் ஒரு பகுதியை அது முற்றாகத் தவறவிட்டால் சோதனையாலும் காப்பாற்ற முடியாது. நாற்பரிமாணப் பெரிய லாட்டிஸ்களில் இந்த முறை இன்னும் சிரமம்தான். அதையும் மறைக்காமல் சொன்னேன்.

சரி, முடிவு: காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறேன். மற்ற இடங்களுக்கும் விண்ணப்பம் போகிறது.