பாலமும் வேண்டும், வானமும் வேண்டும்: செட்டிங்ஸ் சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே. பினாங்கில் கர்ப்பால் சிங் டிரைவ் கடலோரத்தில் மூன்று வாரமாகச் சூரிய உதயம் எடுத்துப் பார்க்கிறேன். இங்கே ஏழு மணிக்கு மேல்தான் சூரியன் தலைகாட்டும், அதனால் தூக்கம் போகிறதே என்ற புகார் இல்லை. படம்தான் வரமாட்டேன் என்கிறது.

கேமரா, நிக்கான் டி5600. கூடவே வந்த 18-55 லென்ஸ், முக்காலி உண்டு. ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, லென்ஸ் துளை எஃப்/11, ஷட்டர் 1/60 நொடி வைத்தால் வானம் அழகு, பினாங்குப் பாலம் மட்டும் கரிக்கோடு. 1/15-க்கு இறக்கினால் பாலத்தின் தூண்கள்கூடத் தெரிகின்றன, ஆனால் சூரியன் இருந்த இடத்தில் வெள்ளை ஓட்டை. ஒயிட் பேலன்ஸை (படத்தின் நிறச் சமநிலையை) ஆட்டோவில் விட்டதில் அந்த ஆரஞ்சு நிறமே வெளுத்துப்போனது. அப்புறம் 'கிளவுடி'க்கு மாற்றினேன், பரவாயில்லை.

பிராக்கெட்டிங்கில், அதாவது வெவ்வேறு வெளிச்ச அளவில், மூன்று படம் எடுத்துச் சேர்ப்பதா, வானத்தை மட்டும் மங்கலாக்கும் கிராஜுவேட்டட் ஃபில்டர் வாங்குவதா? சேர்த்தால் நகரும் படகுகள் இரட்டையாகத் தெரியுமோ என்று பயம். ரா ஃபைலில் (கேமரா பதிவு செய்த மூலத் தரவில்) எடுத்து, பிறகு கணினியில் இருண்ட பகுதிகளை வெளிச்சமாக்கினால் போதும் என்கிறார் ஓர் அண்ணன். பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் சூரியன் விறுவிறுவென ஏறிவிடுகிறது, யோசிக்க நேரமே இல்லை. நீங்கள் எதில் தொடங்குவீர்கள்?