ஏசியை 26-இல் வைத்தால் எண்ணூர்ப் புகை குறையுமா?

மொட்டைமாடி:
எங்கள் குடியிருப்பில் லிஃப்ட் கதவருகே சங்கத்தார் ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். ஏசியை 26-இல் வையுங்கள், செல்போன் சார்ஜரைக் கழற்றி வையுங்கள், பூமியைக் காப்பாற்றுங்கள் என்று. அதைப் படிக்க வசதியாகத் தலைக்கு மேலே பட்டப்பகலில் மூன்று குழல்விளக்குகள் எரிகின்றன. நான் கரண்ட் பில்லை ஒழுங்காகக் கட்டுகிறேன். ஆலைகளும் வணிக வளாகங்களும் கணக்கில்லாமல் இழுக்கும்போது, என் படுக்கையறையில் இரண்டு டிகிரி கூட்டுவதால் எண்ணூர் அனல்மின் நிலையத்தின் எந்தப் புகைபோக்கி அணையப் போகிறது?

கணக்குப்பிள்ளை:
சார்ஜர் விஷயத்தில் உங்கள் கட்சிதான் நானும். சும்மா செருகியிருக்கும் சார்ஜர் இரண்டு மாதத்துக்கு அரை யூனிட்கூடக் குடிக்காது. ஆனால் ‘ஆலைகள் இழுக்கின்றன’ என்பது பாதிக் கதை. நாட்டின் மின் பயன்பாட்டில் ஏறத்தாழ கால்வாசி வீடுகளுக்குத்தான் போகிறது.

பெரிய தின்னி எது என்று பார்ப்போம். பழைய மின்விசிறி 75 வாட். இப்போது வரும் பிஎல்டிசி வகை, அதாவது குறைந்த மின்சாரத்தில் ஓடும் புதுவகை மோட்டார் வைத்தது, 30 வாட் அளவில் ஓடுகிறது. நாளுக்கு 15 மணி நேரம் சுற்றினால், இரண்டு மாத பில் காலத்தில் ஒரு விசிறிக்கு மட்டும் 40 யூனிட் மிச்சம். டிவியை அணைத்த பிறகும் விழித்திருக்கும் செட்டாப் பாக்ஸ் 10 வாட் என்று வைத்துக்கொண்டால், அது தனியாக 14 யூனிட். ஏசியில் ஒவ்வொரு டிகிரி கூட்டுவதற்கும் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம். 2020 முதல் புது ஏசிகள் 24-இல் தொடங்கும்படி வைத்ததும் அதனால்தான். வாங்கி வந்த அன்றே 18-க்கு இறக்கிவிடுகிறோம். 18-இல் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பது வெறும் நம்பிக்கை. அறை 24-க்கு வர எடுக்கும் நேரம் ஏறத்தாழ அதேதான்.

மொட்டைமாடி:
பில் குறையும், ஒப்புக்கொள்கிறேன். அந்தக் காசை வைத்து இன்னொரு அறைக்கும் ஏசி மாட்டுவான் நம் ஆள். குண்டு பல்பு போய் எல்இடி வந்ததும் என்ன நடந்தது? ஒரு விளக்கு எரிந்த கூடத்தில் கூரையைச் சுற்றிப் பன்னிரண்டு விளக்கு.

எண்ணூர்வாசி:
ஐயா, புகைபோக்கி அணையுமா என்று கேட்டீர்கள். அதன் அடியில் குடியிருக்கிறவன் சொல்கிறேன். அனல்மின் நிலையத்தின் சாம்பல் குழாய் கசிந்து கொசஸ்தலை ஆற்றில் சேறாகப் படிந்தது ஊரறிந்த சங்கதி. முழங்கால் அளவு சாம்பல் சேற்றில் நின்று இறால் தடவுகிறவர்களை வந்து பாருங்கள். காயப்போட்ட வேட்டியை உதறாமல் மடிக்க முடியாது. நீங்கள் ஒருவர் அணைப்பதால் எதுவும் நிற்காது, சரி. ஆனால் இரவில் எல்லா வீட்டு ஏசியும் ஒரே நேரத்தில் ஓடுவதைக் காட்டித்தான் ‘இன்னும் ஓர் அனல்மின் நிலையம் வேண்டும்’ என்கிறார்கள். அதை உங்கள் தெருவிலா கட்டுகிறார்கள்?

குடிக்கூலி:
மொட்டைமாடி, கணக்குப்பிள்ளை, நீங்கள் இரண்டு பேருமே சொந்த வீட்டுக்காரர்கள் மாதிரிப் பேசுகிறீர்கள். நான் இருப்பது மேல்தளம். ஏப்ரலில் இரவு பத்து மணிக்கும் கூரை அனல் கக்கும். வெள்ளைப் பூச்சு அடித்தால் சூடு குறையும் என்று எனக்கும் தெரியும், மாடி என்னுடையதல்ல. ஏசியோ, வீட்டுக்காரர் எப்போதோ மாட்டிய கிழம். யூனிட்டுக்கு அவர் வைத்ததுதான் விலை, 100 யூனிட் இலவசம் என்பதை நான் கண்ணால் கண்டதில்லை. எனக்கு எந்தச் சாதனம் மின்சாரம் மிச்சம் பிடிக்கும் என்று பாடம் எடுத்து என்ன பயன்?

கணக்குப்பிள்ளை:
நியாயம். கூரைப் பூச்சுக்கும் பழைய ஏசிக்கும் வீட்டுக்காரரைத்தான் பொறுப்பாக்க வேண்டும். அதற்குச் சட்டம் வந்தால் நான் கைதட்டுவேன்.

எண்ணூர்க்காரர் சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். எல்லா யூனிட்டும் ஒன்றல்ல. மதியம் கமுதிப் பக்கத்துச் சூரியத் தகடுகள் முழு வீச்சில் இருக்கும். ஆடியில் முப்பந்தல் காற்றாலைகள் சுற்றும். ஏப்ரல் இரவில் வெயிலும் கிடையாது, காற்றும் மந்தம், பெரும்பாலும் நிலக்கரிதான். எனவே ஆடி மதியம் மிச்சம் பிடிக்கும் பத்து யூனிட்டைவிடச் சித்திரை இரவில் பிடிக்கும் ஐந்துக்கு மதிப்பு அதிகம் என்பேன். தண்ணீர் மோட்டார், துணி துவைக்கும் இயந்திரம், இஸ்திரிப் பெட்டி மூன்றையும் பகல் பன்னிரண்டுக்கு மாற்றினால் யாருக்கும் வியர்க்காது.

மொட்டைமாடி:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே. எங்கள் சங்கம் மோட்டாரைப் போடுவது இரவு ஏழரைக்கு, வாட்ச்மேன் சாப்பிடப் போகும் முன். சங்கக் கூட்டத்தில் கேட்கிறேன். ஆனால் என் கட்சி மாறவில்லை. பகல் விலை ஒன்று, இரவு விலை ஒன்று என்று வீட்டு மீட்டருக்கும் வைத்தால் தானாக மாறுவார்கள். லிஃப்ட் கதவில் ஒட்டும் காகிதத்தால் ஒருவனும் மாறமாட்டான்.

எண்ணூர்வாசி:
இரவு விலை ஏறினால் ஏசி இருப்பவர் கட்டிவிடுவார். ஒரே விசிறியில் ஐந்து பேர் படுக்கும் வீட்டையும் அதே மீட்டரில் சேர்க்காதீர்கள்.

மொட்டைமாடி:
முதல் 200 யூனிட்டுக்கு விலக்கு கொடுக்கட்டும்.

குடிக்கூலி:
நான் வீட்டுக்காரர் தனியாக வைத்த துணைமீட்டரில் இருப்பவன். அந்த விலக்கும் என் வாசலுக்கு வராது. அது இருக்கட்டும். பிஎல்டிசி விசிறியை என் காசில் வாங்கி மாட்டினால், காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போக விடுவார்களா?

கணக்குப்பிள்ளை:
பழையதைத் துடைத்துப் பரணில் போட்டு வையுங்கள். போகிற அன்று அதையே மாட்டிக் கொடுங்கள். ரசீதை மட்டும் உங்கள் பெயரில் வாங்குங்கள்.