மண்டேலாவின் பதவியேற்பு உரை: மாணவர்களுக்கு எந்தப் பகுதியைக் கொடுப்பது?

பினாங்கு ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். 1994 மே 10ஆம் நாள் பிரிட்டோரியாவின் யூனியன் கட்டட வளாகத்தில் தென்னாப்பிரிக்க அதிபராக நெல்சன் மண்டேலா ஆற்றிய பதவியேற்பு உரையை, படிவம் ஐந்து மாணவர்களின் பேச்சுப் போட்டிக்காகத் தமிழில் சுருக்கி வருகிறேன். 27 ஆண்டுகள் சிறையில் இருந்தவர், கறுப்பின மக்களை ஒதுக்கி வைத்த வெள்ளையர் இனஒதுக்கல் ஆட்சியின் கடைசி அதிபரான டி கிளார்க்கைத் துணை அதிபராக ஏற்று, தம் சிறைவாசத்தைப் பற்றி ஒரு வரிகூடப் பேசாமல் விடுதலையைப் பற்றிப் பேசியது என்னை வியக்க வைக்கிறது. மாணவர்களோ இந்நாட்டில் ஒருவரை மற்றவர் ஒடுக்கும் நிலை திரும்பாது என்று சொல்லிக் கைதட்டல் பெறும் "இனி ஒருபோதும்" வரியோடு நின்றுவிடுகிறார்கள். விடவே கூடாத பகுதி எது?

பிரிக்பீல்ட்ஸ் வாசகர்:
வணக்கம் டீச்சர். என்னைக் கேட்டால் மரங்களைப் பற்றிய வரிதான். பிரிட்டோரியாவின் ஜக்கராண்டா மரங்களையும் புதர்வெளியின் மிமோசா மரங்களையும் போலவே நாம் ஒவ்வொருவரும் இந்த மண்ணோடு பிணைந்தவர்கள் என்கிறார். மிமோசா அந்த மண்ணுக்கே உரியது. ஜக்கராண்டாவோ 19ஆம் நூற்றாண்டில் தென் அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்தது. இரண்டையும் ஒரே வரியில் நிறுத்தியதை அவர் எண்ணித்தான் செய்தாரா என்று நான் அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன். ஆனால் 1860இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் ஏறி, தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குச் சஞ்சிக்கூலிகளாக (ஒப்பந்தக் கூலிகளாக) போனவர்களின் வழித்தோன்றல்களுக்கு, அன்றைக்கு அந்த வரி எப்படிக் காதில் விழுந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். நம் தாத்தா பாட்டி சீவிய பால்மரமும் (ரப்பர்) பிரேசிலிலிருந்து வந்ததுதானே! மாணவர்களுக்கு இதை எடுத்துச் சொன்னால் பிறகு நெட்டுரு தேவைப்படாது.

பட்டர்வொர்த் அன்பர்:
எனக்கும் அந்த உரை பிடிக்கும் என்றாலும், புகழ்ச்சி சற்று மிகுந்துவிடுகிறது என்று தோன்றுகிறது. நிலம் யார் கையில் இருக்கிறது என்ற கேள்விக்கு அதில் விடையில்லை. உலகில் ஏற்றத்தாழ்வு மிகுந்த நாடுகளுள் ஒன்றாகத் தென்னாப்பிரிக்கா இன்றும் இருக்கிறது. ஆகவே, எல்லாருக்கும் வேலையும் ரொட்டியும் தண்ணீரும் உப்பும் கிடைக்கட்டும் என்ற வரியையே நான் தேர்ந்தெடுப்பேன். வாக்குச்சீட்டோடு விடுதலை முடிந்துவிடவில்லை என்பதை, உப்பு வரை இறங்கி வந்து சொன்ன தலைவர்கள் மிகச் சிலரே. போட்டி நடுவர்கள் இதை அரசியல் என்று ஒதுக்க மாட்டார்கள் என நம்புகிறேன்.

பிரிக்பீல்ட்ஸ் வாசகர்:
உண்மைதான் ஐயா, வறுமையையும் அவர் ஓர் அடிமைத்தளையாகவே அந்த உரையில் குறிப்பிடுகிறார். டீச்சர், நேரம் இருந்தால் முன்னுரையில் நம் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மானையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1960 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவின் ஷார்ப்வில்லில் போராடியவர்களில் 69 பேர் போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்ட பின், அதே ஆண்டு லண்டனில் கூடிய காமன்வெல்த் பிரதமர்கள் மாநாட்டில் இனஒதுக்கலை எதிர்த்துக் குரல் கொடுத்தவர் அவர். மறு ஆண்டே தென்னாப்பிரிக்கா அந்த அமைப்பிலிருந்து வெளியேறியது.

பினாங்கு ஆசிரியை:
இருவருக்கும் நன்றி. மரங்களில் தொடங்கி உப்பு வரைக்கும் கொண்டுபோகிறேன். அப்போது சிறையில் இருந்தோருக்குப் பொதுமன்னிப்பு வழங்குவதை அவசரப் பணியாக அறிவித்த பகுதியையும் இடையில் வைக்கிறேன். தம் சிறையைச் சொல்லாதவர், பிறர் சிறையை மறக்கவில்லை என்பது அப்போதுதான் மாணவர்களுக்குப் புலப்படும்.