முயல் காதில் பொருக்கு

குழு: சேலம் – ஏற்காடு சொந்தங்கள்

நிவேதா: எங்கள் வெள்ளை முயல் தலையை உதறிக்கொண்டே இருக்கிறது. காதுக்குள் பழுப்பாக அடுக்கடுக்காகப் பொருக்கு. படம் போட்டிருக்கிறேன், பாருங்கள்.

ராணி சித்தி: ஐயோ, பார்க்கவே முடியவில்லை. வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துத் தடவு, கொட்டிவிடும்.

குமார் மாமா: எங்கள் நாய்க்கு உண்ணிக்காக வாங்கிய சொட்டு மருந்து மீதி இருக்கிறது. கொடுத்தனுப்பட்டுமா?

ஏற்காடு பெரியப்பா: மாப்பிள்ளை, கொஞ்சம் பொறுங்கள். அட்டையில் ஃபிப்ரோனில் என்று போட்டிருக்கிறதா?

குமார் மாமா: ஆமாம், அதேதான்.

ஏற்காடு பெரியப்பா: நாய்க்கு மருந்து, முயலுக்கு விஷம். வலிப்பு வந்து செத்துவிடும். அனுப்பவே அனுப்பாதீர்கள்.
நிவேதா கண்ணு, இது காதுச் சொறி மாதிரிதான் தெரிகிறது. பொடி உண்ணியின் வேலை. பொருக்கைப் பிய்க்காதே, அடியில் பச்சைப் புண், தாங்காது. மருந்து பிடித்தால் தானாக உதிரும். எண்ணெயும் வேண்டாம், தடவியதை எல்லாம் நக்கியே தீர்த்துவிடும்.

நிவேதா: பிறகு என்ன செய்வது பெரியப்பா?

ஏற்காடு பெரியப்பா: டாக்டரிடம் கொண்டுபோ. எடை பார்த்துத் தோலுக்கடியில் ஐவர்மெக்டின் ஊசி போடுவார். முட்டையை அது கொல்லாது, அதனால் 10 முதல் 14 நாளில் மறுபடி போட வேண்டும். பலர் முதல் ஊசியோடு நிறுத்திவிட்டு மருந்தைத் திட்டுகிறார்கள்!

நிவேதா: எங்கள் இன்னொரு முயல் கறுப்பனுக்கு ஒன்றும் இல்லையே?

ஏற்காடு பெரியப்பா: ஒரே கூண்டில்தானே இருக்கிறான்? அவனையும் கூட்டிப் போ. உண்ணி முயலை விட்டு இறங்கினாலும் 3 வாரம் வரை உயிரோடு கிடக்கும். கூண்டில் விரித்த சாக்கை எரித்துவிடு, கூண்டைக் கொதிநீர் ஊற்றிக் கழுவி வெயிலில் போடு. சேலத்து வெயில் இதற்காவது உதவட்டும்.

ராணி சித்தி: நமக்கு ஒட்டுமா?

ஏற்காடு பெரியப்பா: காது உண்ணி ஒட்டாது. மூக்கு நுனியிலும் கால் விரல்களிலும் சுண்ணாம்பு பூசியதுபோல் இருந்தால் அது வேறு உண்ணி. தூக்குகிறவர் கையையும் அரிக்கும்.

நிவேதா: மூக்கும் காலும் சுத்தமாக இருக்கின்றன.

செல்வி அத்தை: அண்ணா, இங்கே நாகலூரில் என் முயல் குட்டிகளுக்குக் கழிச்சல், வயிறும் உப்பியிருக்கிறது. ஆட்டுக்கு ஊற்றும் பூச்சி மருந்து கொடுக்கலாமா?

ஏற்காடு பெரியப்பா: பால் மறந்த குட்டிகளா?

செல்வி அத்தை: போன வாரம்தான் தாயிடமிருந்து பிரித்தேன்.

ஏற்காடு பெரியப்பா: அப்படியானால் ரத்தக்கழிச்சல் கிருமியாக இருக்கும், காக்சிடியா. குடல்புழு இல்லை. புழு மருந்து கேட்காது, சல்ஃபா மருந்து வேண்டும். புழுக்கையோடு விழும் கிருமி, ஈரத்தில் இரண்டு மூன்று நாள் கிடந்த பிறகுதான் தொற்றும் நிலைக்கு வரும். தினமும் பெருக்கினால் அதற்கு அவகாசமே கிடைக்காது. நம் மூடுபனியில் தரை காயவே காயாது, கம்பி வலைத் தளத்துக்கு மாற்று. பனியில் நனைந்த புல்லைக் காயவைத்துப் போடு.

செல்வி அத்தை: நாளைக் காலையில் கால்நடை மருந்தகம் போகட்டுமா?

ஏற்காடு பெரியப்பா: இன்றே போ. குட்டிகள் ஒரே ராத்திரியில் போய்விடும். புழுக்கையை டப்பாவில் எடுத்துக்கொள், நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பார்கள்.

செல்வி அத்தை: சரி அண்ணா, ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டேன்.